மாண்ட்ரியலில் திருப்பிக் கொடுத்த பொய்

வியாழன், பிற்பகல் 3.40. டோர்வலில் இருக்கும் மாண்ட்ரியல் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என்னிடம் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். பாளையங்கோட்டையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி முப்பத்தோரு மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு சிநேகிதியைப் பார்க்க வந்தேன் என்றேன். எத்தனை வருடப் பழக்கம் என்றார். ஒன்பது வருடம் என்றேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். பார்த்ததே இல்லை என்றேன். அதுவரை திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விசாவுக்காக அந்தச் சிநேகிதி சிவகௌரி எழுதிக்கொடுத்த அழைப்புக் கடிதத்தை நீட்டினேன். அதில் என்னைப் பற்றி ‘நேர்மையான எழுத்தாளர்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதிகாரி படித்துவிட்டு முத்திரை குத்தினார். அந்த வரியைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

கூச்சத்துக்கான காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகையில் ஹெர்மெட்டிக் தத்துவம் பற்றி ஆறு கட்டுரைகள் எழுதினேன். சுமார் ஆயிரத்து எண்ணூறு வருடங்களுக்கு முன் எகிப்தில், இருந்தாரா இல்லையா என்றே தெரியாத ஒரு ஞானியின் பெயரில், கிரேக்க மொழியில் எழுதப்பட்ட சின்னச் சின்ன உரையாடல்களின் தொகுதி அது. கடவுள் யார், மனிதன் யார், செத்த பிறகு உயிர் எங்கே போகிறது என்று ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொண்டே போவார்கள். வறண்ட விஷயம். ஆனால் உங்களில் பலர் அந்தக் கட்டுரைகளைப் பாராட்டி எழுதினீர்கள். உயிரோடு இருக்கின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார்.

உயிரோடு இருந்த பகுதிகள் எதுவும் என்னுடையவை அல்ல. அவை, என் பழைய கட்டுரை ஒன்றை இணையத்தில் படித்துவிட்டு எழுதத் தொடங்கிய சிவகௌரியின் மின்னஞ்சல்கள். அவருடைய யாழ்ப்பாணத் தமிழைத் துடைத்து, இஸ்திரி போட்டு, என் பெயரில் வெளியிட்டேன். நான் தபால் துறையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவன். அடுத்தவர் கடிதத்தில் கை வைப்பது குற்றம் என்று முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லித் தருகிற துறை. இது எனக்கு வந்த கடிதம்தானே என்று இரண்டு வருடம் எனக்கு நானே சால்ஜாப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். பத்திரிகை கனடாவுக்குப் போவதில்லை என்ற தைரியமும் இருந்தது. இப்போது ஒரு பதிப்பாளர் ஆறையும் புத்தகமாகப் போடலாம் என்றதும் தூக்கம் போய்விட்டது. நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று டிக்கெட் எடுத்தேன். சொன்னால் அந்தச் சிநேகம் போய்விடலாம். என் வயதில் அப்படி இன்னொன்று கிடைக்காது.

வெளியே வந்து 747 எண் பேருந்தில் ஏறினேன். கட்டணம் பதினொரு டாலர். அதே சீட்டு இருபத்து நாலு மணி நேரத்துக்கு மெட்ரோவிலும் செல்லும் என்று சிவகௌரி எழுதியிருந்தார். ஓட்டுநர் ‘பொன்ஜூர்’ என்றார், நான் வணக்கம் என்றேன், இருவருக்கும் அது போதுமாக இருந்தது. லியோனல்-க்ரூவில் இறங்கி ஆரஞ்சுப் பாதை, ஸ்னோடனில் மாறி நீலப் பாதை, பிறகு பார்க் நிலையம். கடிதத்தில் இருந்ததைப் பிசகாமல் செய்தேன். அவர் எழுதியதைப் பிசகாமல் பின்பற்றுவது எனக்குப் பழகிய வேலைதானே.

நிலைய வாசலில் நீலக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் நின்றார். “அண்ணை, நீங்கள்தானே? வாங்கோ, குளிரப் போகுது” என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார். உயிரையும் அறிவையும் பற்றி ஒன்பது வருடம் எழுதிக்கொண்ட இரண்டு பேர் முதன்முதலாக நேரில் பேசியது, பெட்டியின் சக்கரம் ஒன்று வழியில் கழன்றுபோனதைப் பற்றி.

வெள்ளி, காலை 10.00. பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற இந்தப் பகுதியில் வீடுகள் மூன்று மாடி. மேல்மாடிக்குப் போக வெளியே இரும்புப் படிக்கட்டு வளைந்து ஏறும். சிவகௌரி வீடு இரண்டாம் மாடி. மகள் ஒட்டாவாவில் படிக்கிறாள், அவளுடைய அறையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். தெருவில் பஞ்சாபி இனிப்புக் கடை, அதை அடுத்து வங்காளி மீன்கடை, மூலையில் பால், ரொட்டி, சிகரெட் விற்கும் சின்னக் கடை. அந்த மாதிரிக் கடையை இங்கே எல்லோரும் தெப்பனேர் என்கிறார்கள், நம்மவர்களும்தான். வெளியே ஆறு டிகிரி. நான் இரண்டு பனியனுக்கு மேல் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் என்று மூட்டைபோல் நடந்தேன்.

சிவகௌரியின் கணவர் லோகன் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்கும் பிரிவில் இருக்கிறார். சிவகௌரி அதே நிலையத்தில் துப்புரவு வேலை. காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் ஒன்றரை வரை. இந்த வாரம் எனக்காக லீவு எடுத்திருந்தார், செவ்வாய்க்கிழமை மட்டும் கிடைக்கவில்லை. எனக்காக அவர் லீவு எடுத்ததைக் கேட்டபோது அங்கேயே சொல்லிவிடலாமா என்று வந்தது. புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வந்ததால் தப்பித்தேன்.

அவர் இந்தத் தத்துவத்துக்கு வந்த கதை எனக்குக் கடிதத்தில் தெரியும், நேரில் கேட்டபோது சிரிப்பு தாங்கவில்லை. லோகன் ஸ்பான்சர் செய்து இங்கே வந்த முதல் வருடம், பிரெஞ்சு சொல்லிக் கொடுக்க மோனிக் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை தன்னார்வமாக வந்தாராம். மோனிக்குக்கு இந்தப் பழைய உரையாடல்கள் என்றால் உயிர். அவற்றில் வாக்கியம் சின்னது, கேள்வியும் பதிலுமாக இருக்கும், கற்றுக்கொள்ள சுலபம் என்று அதையே பாடமாக வைத்துவிட்டார். அதனால் சிவகௌரிக்கு ஒரு கிலோ வெங்காயம் என்று கேட்கத் தெரிவதற்கு முன்பே, ஆன்மா ஏழு வளையங்களைத் தாண்டி மேலே போகிறது என்று பிரெஞ்சில் சொல்லத் தெரியும். “கடையில போய் வெங்காயத்தைக் கையால காட்டுவன். ஆனா அழியாதது எது எண்டு கேட்டால் மூண்டு வசனம் சொல்லுவன்” என்றார்.

சனி, காலை 8.30. பார்க் சாலையில் 80 எண் பேருந்தைப் பிடித்து மோன் ரோயல் மலையடிவாரத்தில் இறங்கினோம். மலை என்றால் இருநூற்று முப்பது மீட்டர்தான், நம் ஊர்க்காரன் பொற்றை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். ஆனால் அக்டோபரில் அந்தப் பொற்றை முழுக்க மேப்பிள் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக நிற்கின்றன. உச்சியிலிருக்கும் பார்வை மேடை வரை நாற்பத்தைந்து நிமிடம் மெதுவாக நடந்தோம். நான் மூச்சு வாங்கியபோதெல்லாம் சிவகௌரி நின்று, இலையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

நடக்கும்போது அவர் பேசியதை என் மொழியில் சுருக்கித் தருகிறேன். இந்த முறை யார் சொன்னது என்று சொல்லிவிட்டுத் தருகிறேன். கடவுள் ஒன்று, அது நல்லது என்பதைத் தவிர அதற்கு வேறு அடையாளம் இல்லை. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் செய்யப்பட்ட ஒவ்வொன்றிலும் அது தெரியும். மனிதன் இரண்டும் கலந்தவன், உடம்பால் சாகிறவன், அறிவால் சாகாதவன். வெளியே விரிந்த உலகம் எப்படியோ அப்படியே உள்ளுக்குள்ளும் ஒன்று உண்டு. அண்டம், பிண்டம் என்று நாம் இரண்டு சொல்லில் முடித்துக்கொள்வதை இவர்கள் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஏழு வளையங்கள். உயிர் பூமிக்கு இறங்கும்போது சனியில் தொடங்கிச் சந்திரன் வரைக்கும் ஏழு கிரகங்களின் வளையங்களைக் கடந்து வருகிறது. ஒவ்வொரு கிரகமும் போகிற போக்கில் ஒரு குற்றத்தை அதன்மேல் போர்த்திவிடுகிறது. தந்திரம், ஆசை, அகங்காரம், முரட்டுத் துணிச்சல், பேராசை என்று பட்டியல் போகும். திரும்பி மேலே ஏறும்போது அததை அங்கங்கே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஏறும்போது கடைசியில், ஏழாவதாக வருவது சனி. சனியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியது பொய்.

மோனிக்கின் வாசிப்பு வட்டம் இதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஏழு வாரம். வாரம் ஒரு குற்றம். அந்தக் குற்றத்தில் தன்னிடம் இருப்பதைக் கண்டுபிடித்து, அதை விடுவதற்கு ஒரு காரியம் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்ல வேண்டும். நாளை ஏழாவது வாரம். சிவகௌரி என்னை அதற்காகத்தான் இந்தத் தேதியில் வரச் சொல்லியிருந்தார்.

லோகன் வட்டத்தில் இல்லை. ஆனால் மனைவி ஏதோ கிரக சாந்தி செய்கிறார் என்று புரிந்துகொண்டு, அவரும் துணைக்கு ஏழு வாரமாகக் கோயிலுக்குப் போய் நவக்கிரகத்துக்கு விளக்கு ஏற்றி வருகிறார். இவர்கள் ஏழு என்கிறார்கள், நமக்கு ஒன்பது ஆயிற்றே, ராகுவையும் கேதுவையும் என்ன செய்வது என்று முதல் வாரம் மோனிக்கிடமே போய்க் கேட்டிருக்கிறார். நாம் கிரகத்திடம் கேட்கப் போகிறவர்கள், அவர்கள் கொடுக்கப் போகிறவர்கள் என்ற வித்தியாசம் எனக்கு அந்தக் கதையில்தான் உறைத்தது.

மேடையிலிருந்து நகரம் முழுவதும் தெரிந்தது, அதற்கு அப்பால் சென்ட் லாரன்ஸ் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாளை போகவேண்டிய, மோனிக் குடியிருக்கும் புரோசார்ட். இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவர், “நீங்கள் பதில் எழுதியிருக்காட்டி நான் இதையெல்லாம் ஆரோட கதைச்சிருப்பன் அண்ணை” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு, பகல் 12.15. பார்க் நிலையத்திலிருந்து ழோன்-தலோன், அங்கிருந்து பொனவென்ச்சர், பிறகு நடந்து போய் ஓட்டுநரே இல்லாத இலகு ரயில். முன்பெட்டியின் முன் கண்ணாடியில் நின்றுகொண்டால் தண்டவாளம் நம்மை நோக்கி வருகிறது. ரயில் பாலத்தின்மேல் ஆற்றைக் கடக்கிறது. தாமிரபரணியை ஒரு பத்துத் தடவை அகலத்தில் அடுக்கினால் இந்த ஆறு வரலாம். கால் மணி நேரத்தில் புரோசார்ட்டில் இருந்தோம்.

மோனிக்குக்கு எழுபத்தெட்டு வயது, ஒல்லி, பெரிய சிரிப்பு. வீட்டின் முன்னறையில் வட்டமாக நாற்காலிகள். ஹெய்ட்டி நாட்டிலிருந்து வந்த டாக்சி ஓட்டுநர் ஒருவர், மருந்துக்கடை வைத்திருக்கும் வியட்நாம் பெண்மணி ஒருவர், மோனிக், சிவகௌரி, நான். அவ்வளவுதான் கூட்டம். சமையலறையில் மாமிசம் சேர்க்காத மொச்சை சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கூட்டம் முடிந்தபின் மரக்கறிச் சாப்பாடு சேர்ந்து சாப்பிடுவது வழக்கம், பழைய உரையாடலிலும் அப்படித்தான்.

நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஊரிலிருந்து ஒரு டப்பா கப் சாம்பிராணி கொண்டுவந்திருந்தேன். யாரும் கவனிக்காதபோது ஜன்னலோரம் ஒரு தட்டில் வைத்துப் பற்றவைத்தேன். நம் வீடுகளில் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லையே. ஒரு நிமிடம் நல்ல மணம் வந்தது. மறு நிமிடம் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி வீட்டையே கிழித்துவிடுவதுபோல் கத்தத் தொடங்கியது. டாக்சி ஓட்டுநர் நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறினார், வியட்நாம் பெண்மணி ஜன்னல்களைத் திறந்தார், மோனிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சத்தம் அடங்கியதும் மோனிக் சொன்னதை சிவகௌரி எனக்குத் தமிழில் சொன்னார். இந்த உரையாடல்களில் ஒன்றின் முடிவில், மாணவன் வழிபாட்டுக்குச் சாம்பிராணி போடலாமா என்று கேட்கிறான். ஆசிரியர் பதறிப்போய் அவனைத் தடுக்கிறார். எதுவும் குறையில்லாதவனுக்குப் புகை எதற்கு, வாயால் சொல்லும் நன்றி ஒன்றுதான் அவனுக்கு நாம் தரக்கூடிய படையல் என்கிறார். ஆயிரத்து எண்ணூறு வருடம் கழித்து அந்த மாணவன் இந்தியாவிலிருந்து விமானம் பிடித்து வந்துவிட்டான் என்று மோனிக் கேலி செய்தார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. ஏனென்றால் இந்தச் சாம்பிராணிக் கதையை நான் எழுதியிருக்கிறேன். நான்காவது கட்டுரை. புகை வேண்டாம், நன்றி போதும் என்று அரைப் பக்கம் உருகியிருக்கிறேன். சிவகௌரியின் கடிதத்திலிருந்து எடுத்ததால் கை எழுதியது, தலைக்குள் ஒரு எழுத்தும் போகவில்லை. போயிருந்தால் அந்த டப்பா என் பெட்டிக்குள் வந்திருக்காது. எழுதியவன் நான் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஏழாவது வாரம் தொடங்கியது. ஒவ்வொருவரும் இந்த வாரம் திருப்பிக் கொடுத்த பொய்யைச் சொல்ல வேண்டும், கேட்பவர்கள் கருத்துச் சொல்லக் கூடாது. டாக்சி ஓட்டுநர் சொன்னார், மருந்துக்கடைக்காரர் சொன்னார். அவர்கள் சொன்னது அந்த அறைக்குள் இருக்க வேண்டியது. சிவகௌரி தன்னுடையதை இங்கே எழுத எனக்கு அனுமதி தந்திருக்கிறார். நல்லூரிலிருக்கும் தங்கையிடம் விமான நிலையத்தில் அலுவலக வேலை என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிவந்தாராம். போன புதன்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு, தான் கழுவுவது கழிவறைகளை என்று சொல்லிவிட்டார். தங்கை அழுதிருக்கிறார். பிறகு இருவரும் நெடுநேரம் கதைத்தார்களாம். பிரெஞ்சில் சொல்லிவிட்டு எனக்காகத் தமிழிலும் ஒருமுறை அவர் சொன்னார்.

அடுத்து என் முறை. விருந்தாளி சும்மா இருக்கலாம் என்று மோனிக் சைகை காட்டினார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலத்தில் சொல்லக்கூடிய விஷயமும் அல்ல. சிவகௌரியைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

“நீங்க எனக்கு எழுதின கடிதங்களை நான் என் கட்டுரையாப் போட்டுட்டேன். ஆறு தடவை. உங்க பேரை எங்கயும் போடலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

சிவகௌரி என்னையே பார்த்தார். என்ன சொல்கிறார் என்று மோனிக் மெதுவாகக் கேட்டார். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர் சிவகௌரி ஒருவர்தான். அவரிடம் திருடியதை அவரே அவர்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஒரு வாக்கியத்தையும் விடவில்லை, குரல் உயரவும் இல்லை. பெயர் போடவில்லை என்ற இடத்தில் மட்டும் கையைத் தன் நெஞ்சில் வைத்தார். அந்தப் பெயர் யாருடையது என்று மற்றவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

வழக்கப்படி யாரும் கருத்துச் சொல்லவில்லை. பிறகு கூட்டத்தின் முடிவாக ஒவ்வொருவராகக் கடவுளுக்கு வாயால் நன்றி சொன்னார்கள். இங்கே மறுநாள் திங்கட்கிழமை நாடு முழுவதும் நன்றி நாள், விடுமுறை, அதனால் டாக்சி ஓட்டுநர் கொஞ்சம் நீளமாகவே சொன்னார். சிவகௌரி தன் முறையில் தலையை மட்டும் அசைத்து அடுத்தவருக்கு விட்டுவிட்டார். சூப் நன்றாக இருந்திருக்கும். எனக்கு ருசி தெரியவில்லை.

மாலை வேலை முடித்து லோகன் காரில் கூட்டிப்போக வந்தார். பாலத்தில் ஏறியதும், சனிக்கு எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றியாயிற்று, ஏழும் முடிந்தது, இனிப் பயமில்லை என்று உற்சாகமாகச் சொன்னார். சிவகௌரி நடந்ததை இரண்டே வாக்கியத்தில் அவரிடம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லோகன் கையை நீட்டி, என் பக்கத்துக்கு வரும் சூடான காற்றைக் கூட்டி வைத்தார். என்னை நடுப்பாலத்தில் இறக்கிவிட்டிருந்தாலும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன். அந்தச் சூடு என்னை அழவைத்துவிட்டது.

திங்கள், பிற்பகல் 2.00. காலையில் தேநீர் வந்தது, பேச்சு வரவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு சிவகௌரி என் அறை வாசலில் வந்து, அந்தப் பத்திரிகைகளைக் கொண்டுவந்திருக்கிறேனா என்று கேட்டார். ஆறு இதழ்களையும் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சமையலறை மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். நான் எதிரே உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கினேன். செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தாரே என்று நன்றியாக இருந்தது.

மூன்றாவது கட்டுரையில் விரல் நின்றது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். விடியற்காலையில் கோயில் தெப்பக்குளத்தில் சூரிய வெளிச்சம் விழுவதைப் பார்த்து ஒரு பெண்ணுக்குப் படைத்தவன் யார் என்று புரிகிறது என்று நான் எழுதியிருந்த பத்தி அது. வந்த பாராட்டில் பாதி அதற்குத்தான்.

“இது ஆற்ற குளம்?” என்றார். யாருடைய குளம் என்று கேட்கிறார்.

சும்மா, அழகுக்காக வைத்தேன் என்றேன்.

“என்ர கழிவறை எங்க அண்ணை?”

அவர் கடிதத்தில் குளம் இல்லை, அவர் கழுவும் கழிவறைதான் இருந்தது. வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன் என்று எதையோ மென்று முழுங்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இந்த ஐந்து நாளில் அவர் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான்.

“பேர் போடாட்டியும் பரவாயில்லை. எல்லாருக்கும் நான் பொய் சொல்லிக்கொண்டு இருந்தனான். தங்கச்சிக்கும் பொய், ஊருக்கும் பொய். உங்களுக்கு எழுதின கடிதத்தில மட்டும்தான் உண்மை எழுதினனான். அதையும் கழுவிப்போட்டு, நான் காணாத குளத்தைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறீங்கள்.”

நான் மன்னிப்புக் கேட்க வந்தது ஒரு திருட்டுக்கு. அதைவிடப் பெரியதை நான் செய்திருக்கிறேன் என்று அந்த மேசையில்தான் தெரிந்தது. பெயரை மறைத்தது ஒரு பொய் என்றால், அவருடைய வேலையை அசிங்கம் என்று நினைத்து அகற்றியது அதற்கு அடியிலிருந்த பொய். சனியிடம் நேற்றுக் கொடுத்தேன் என்று நினைத்தது மேல்தோல் மட்டும்தான்.

நான் எழுதியதை நான் எழுதியபடியே போடுங்கள், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றார். போடுகிறேன் என்றேன். பழைய மின்னஞ்சலை அவரே தேடி எடுத்துத் தந்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் கீழே தருகிறேன். பேந்து என்றால் பிறகு, ஊத்தை என்றால் அழுக்கு.

‘காலமை அஞ்சு மணிக்கு முதல் வாளி நிரப்புவன். இண்டைக்கு ஒரு கழிவறை சரியான மோசமாய்க் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு தேய்ச்சன். தேய்ச்சு முடிச்சு நிமிரேக்க, அந்த வெள்ளைப் பீங்கானில மேல எரியிற லைட் முழுசாய்த் தெரிஞ்சது. அப்ப விளங்கினது அண்ணை. ஊத்தையைப் பீங்கான் செய்யேல்லை. பீங்கானைச் செய்தவனும் ஊத்தையைச் செய்யேல்லை. அது பேந்து வந்து ஒட்டினது, தேய்ச்சால் போயிடும். படைச்சவன் நல்லவன் எண்டு இந்த ஆக்கள் ஏன் இவ்வளவு உறுதியாய்ச் சொல்லினம் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். கையுறையோடயே நிண்டு நன்றி சொன்னன். பேந்து பக்கத்துக் கழிவறைக்குப் போனன்.’

இதை எழுதியவர் சிவகௌரி. மற்ற ஐந்து கட்டுரைகளில் நீங்கள் பாராட்டிய இடங்களும் அவருடையவை. புத்தகம் வருவதானால் அவர் பெயரில், அவர் தமிழில் வரும் என்று பதிப்பாளருக்குச் சொல்லிவிட்டேன். பதிப்பாளர் யோசிப்பதாகச் சொன்னார். யோசிக்கட்டும்.

அன்று மாலை அதே பயற்றங்காயில் கறி வைத்தார். சாப்பிடும்போது, தெப்பக்குளம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு லோகனைப் பார்த்துச் சிரித்தார். அது குத்தலா, பாராட்டா என்று எனக்கு இப்போதும் தெரியாது. எதுவானாலும் எனக்கு அது ஆயுசுக்கும் போதும்.

செவ்வாய், காலை 11.20. சிவகௌரி விடியுமுன்பே வேலைக்குப் போய்விட்டார். லோகனின் வேலை அன்று பிற்பகலில் என்பதால் அவர் என்னை டோர்வலுக்குக் காரில் கூட்டிவந்து, புறப்பாட்டு வாசலில் என் கையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுப் போனார். பெட்டியைப் போட்டுச் சீட்டு வாங்கியபின் நேரம் மிச்சம் இருந்தது. கழிவறையைத் தேடிப் போனேன். வாசலில் மஞ்சள் பலகை நிறுத்தியிருந்தது, தரை ஈரம். நான்கைந்து ஆண்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து, சாம்பல் நிறச் சீருடையில், வாளி வண்டியைத் தள்ளிக்கொண்டு சிவகௌரி வந்தார்.

நெல்லைப் புதிய பேருந்து நிலையத்தில் கழிவறை வாசலில் மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். ஆயிரம் தடவை அவர் மேசையில் சில்லறையை வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன். அவர் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நாம் வீட்டு மனிதர்களிடம் வாயால் நன்றி சொல்வதில்லை, அது அந்நியமாகப் படும். கழுவுகிறவர்களிடமும் சொல்வதில்லை, அதற்குக் காரணம் வேறு. இரண்டு பழக்கத்தையும் ஒரே சமயத்தில் விடுவது எனக்கு அவ்வளவு சுலபமாக இல்லை.

அவர் மஞ்சள் பலகையை மடித்தார். காத்திருந்தவர்கள் அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். நான் அவர் முன்னால் நின்று, அந்தக் கூட்டத்துக்கு நடுவில், கொஞ்சம் சத்தமாகவே, “நன்றி, சிவகௌரி” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார்.

“சரி, சரி. சப்பாத்தைத் துடைச்சிட்டு உள்ள போங்கோ அண்ணை. இப்பத்தான் கழுவினனான்.”

துடைத்துவிட்டு உள்ளே போனேன்.